முதுகில் ஏறிய விமானம்



சிங்கப்பூர் சென்று வந்த பலருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலை தெரிந்திருக்கும். வாழை இலையில் சோறும் மீன் தலைக் கறியும் சாப்பிடுவதற்காகவே அந்தச் சாலையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. லிட்டில் இந்தியாவை ஒட்டியிருக்கும் அந்தச் சாலைக்குக் குதிரைப் பந்தயத்தின் பெயர் வந்ததற்குக் காரணம், அருகே ஃபேரர் பார்க்கில் முன்பு பந்தயத் திடல் இருந்ததுதான். 1933-ஆம் ஆண்டில் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது.

அந்தத் திடலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்பவர் அங்கிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானப் பயணத்தை நடத்திக் காட்டினார். பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்பது அந்த விமானத்தின் பெயர். மரச் சட்டம், துணி, கம்பி, ஓர் இயந்திரம், அவ்வளவுதான். விமானி உட்கார அறை கிடையாது. கீழ் இறக்கையின் மேல், திறந்த வெளியில், முகத்தில் காற்று அடிக்க அடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு 96 ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபர் 25-ஆம் தேதி, உலகின் முதல் ஏ380 பயணிகள் சேவை சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. 560 டன் எடையுடன் மேலே எழும்பக்கூடிய இரண்டு மாடி விமானம் அது. விமானத்தின் வரலாறு என்றாலே நாம் இப்படித்தான் நினைக்கிறோம்: சிறியது பெரிதானது, மெதுவானது வேகமானது, ஒருவர் போனது ஐந்நூறு பேர் போவதாக மாறியது.

ஆனால், அதே நூற்றாண்டில் வேறொரு கூட்டம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்தது. அறையைக் கழற்றினார்கள், வாலைக் கழற்றினார்கள், சக்கரத்தையும் கழற்றினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு துணி இறக்கை, முதுகில் மாட்டிக்கொள்ளும் ஓர் இயந்திரம், ஓடுவதற்கு இரண்டு கால்கள்! இதைத்தான் இன்று பாராமோட்டார் என்கிறோம். அதற்குச் சற்று முந்திய அண்ணன் அல்ட்ராலைட் என்ற மிக இலேசான விமானம்.

“பறப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா?” என்பதுதான் தொலைக்காட்சி மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு. நான் பொதுமக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் படித்தவன். விமானப் பொறியியல் படித்தவன் அல்லன். எனவே இயந்திரத்தின் நுட்பத்தை விட, இதற்காக வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்வதே எனக்குப் பொருத்தம். அந்தக் கதை முழுவதிலும் ஒரு செய்தி ஓடுகிறது. விமானத்திலிருந்து கழற்றிய எடை எங்கும் போய்விடவில்லை. அது வேறு வடிவில் பறப்பவரின் தோளில் ஏறியது. அதன் பெயர் பொறுப்பு.

இலவசமாக வந்த விமானம்

இயந்திரம் இல்லாமல் பறந்தவர்களில் முன்னோடி ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால். 1891 முதல் குன்றுகளின் மீதிருந்து ஓடி, துணி இறக்கைகளைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ 2,000 முறை பறந்தவர் அவர். உடலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துத்தான் திசை திருப்புவார். 1896 ஆகஸ்டில் ஒரு நாள் காற்றில் நிலைகுலைந்து விழுந்து, மறுநாள் இறந்தார். பொழுதுபோக்குப் பறத்தலின் முதல் அத்தியாயமே ஓர் இறப்பில்தான் முடிகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து வருபவர் அல்பெர்டோ சாந்தோஸ் துமோன். பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்ட முதலாளியின் மகன். பாரிஸ் நகரில் வாழ்ந்தவர். 1907-இல் தொடங்கி 1909-க்குள் அவர் உருவாக்கிச் செம்மைப்படுத்திய ‘டெமுவாசெல்’ என்ற சிறு விமானத்தின் உடல் மூங்கில், இறக்கை துணி. மொத்த எடை ஏறத்தாழ 110 கிலோ. இன்றைய அல்ட்ராலைட் விமானங்களின் மூதாதை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வரைபடங்களை வெளியிட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழிலும் அவை வந்தன. இன்று பாரிஸில் டென்னிஸ் போட்டி நடக்கும் அரங்குக்கு ரோலாண் காரோஸ் என்று பெயர் இருக்கிறதல்லவா? அந்த ரோலாண் காரோஸ் ஒரு விமானி. அவர் 1909-இல் முதன்முதலில் பறக்கப் பழகியது இந்த டெமுவாசெல்லில்தான். ஒரு பணக்காரர் இலவசமாகக் கொடுத்த வரைபடம், பறப்பது பணக்காரர்களின் சொத்து என்ற எண்ணத்தை முதன்முதலாக அசைத்தது.

வானத்துத் தெள்ளுப்பூச்சி

அந்த எண்ணத்தை உடைத்தே தீர வேண்டும் என்று புறப்பட்டவர் ஆன்ரி மிஞே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கட்டிய சிறு விமானம் 1933-இல் பறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வானத்துத் தெள்ளுப்பூச்சி’. மோட்டார் சைக்கிளில் பொருத்தும் அளவுக்கான இயந்திரம். கால் மிதி கிடையாது. ஒரே ஒரு குச்சிதான் கட்டுப்பாடு. 1934-இல் அதைக் கட்டும் முறையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். தச்சு வேலை ஓரளவு தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டலாம் என்று அவர் நம்பினார். மற்றவர்களையும் நம்ப வைத்தார்.

1935-இல் மிஞே தம்முடைய தெள்ளுப்பூச்சியிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டனுக்குப் போனார். ஊரே திரண்டது. எழுத்தர்களும் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் மரத்தை இழைக்கத் தொடங்கினார்கள். பிறகுதான் விபத்துகள் தொடர்ந்தன. ஒன்றன் பின் ஒன்றாகச் சில தெள்ளுப்பூச்சிகள் மூக்கைக் கீழே குத்தி விழுந்தன. பறந்தவர்கள் மாண்டார்கள்.

1936-இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோவிலும் பிரான்சின் ஷாலே மூதோனிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். காரணம் தெரிந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருக்கமாக இருந்தன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், விமானி குச்சியை இழுக்க இழுக்க, இரண்டு இறக்கைகளுக்கும் இடையே பாயும் காற்று பின் இறக்கையையே தூக்கிவிடும். மேலே வருவதற்குப் பதிலாக மூக்கு இன்னும் கீழே போகும். விமானி சரியானதைச் செய்தாலும் உயிர் பிழைக்க வழியில்லை.

மிஞே மோசடிக்காரர் அல்லர். தம் கையால் கட்டியதில் தாமே பறந்தவர். பிற்காலத்தில் குறையைத் திருத்தி மேலும் பல விமானங்களை வடிவமைத்தார். ஆனால் சோதனைக்கூடத்தில் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒன்றைச் சாதாரண மனிதர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள். மலிவான விமானத்துக்கு யாரோ ஒருவர் கொடுத்த விலை அது.

திரைச்சீலையில் பிறந்த இறக்கை

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கதை அமெரிக்காவுக்கு நகர்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் அரசாங்க விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஃபிரான்சிஸ் ரொகாலோ. வேலை நேரத்தில் பெரிய விமானங்கள். வீட்டுக்கு வந்தால் பட்டம்! அவரும் மனைவி கெர்ட்ரூடும் சேர்ந்து, குச்சிகளே இல்லாத வளையும் இறக்கை ஒன்றைச் செய்து பார்த்தார்கள். முதல் இறக்கைக்குத் துணி எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையலறைத் திரைச்சீலை! கெர்ட்ரூட்தான் தைத்துக் கொடுத்தார். 1948-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1951-இல் பெற்றார்கள்.

கிளந்தானின் வாவ் பூலான் பட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. பட்டத்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். அதில் விமானத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். விண்வெளியிலிருந்து திரும்பும் ஜெமினி கலத்தை இந்த இறக்கையால் தரையிறக்கலாமா என்று நாசா ஆராய்ந்தது. 1962 முதல் ‘பாரெசெவ்’ என்ற சோதனைக் கருவியில் இந்த இறக்கையைப் பொருத்திப் பறந்தார்கள். அதில் பறந்தவர்களில் ஒருவர் நீல் ஆம்ஸ்ட்ராங்! பின்னர் நாசா அத்திட்டத்தைக் கைவிட்டது. ஜெமினி வீரர்கள் பாராசூட்டிலேயே கடலில் இறங்கினார்கள்.

அதே இறக்கையை ஓர் ஆஸ்திரேலியரும் கையில் எடுத்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து கிராஃப்டன் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜான் டிக்கன்சன், 1963-இல் ஊர்த் திருவிழாவில் நீர்ச்சறுக்கு வீரர் படகின் பின்னால் பறந்து காட்டுவதற்காக ஓர் இறக்கை செய்தார். வாழைத்தார்களைப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள்தான் இறக்கைத் துணி. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. இறக்கைக்குக் கீழே முக்கோணச் சட்டம் ஒன்றைத் தொங்கவிட்டார். பறப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு உடலைத் தள்ளினால் போதும். இறக்கை சொன்ன பேச்சைக் கேட்கும். இன்றைய ஹேங் கிளைடர்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகளே.

உறைந்த ஏரியில் ஓடியவர்

ஹேங் கிளைடருக்கு மலை வேண்டும். மலை இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வது? அமெரிக்காவின் விஸ்கான்சின் சமவெளி நாடு. அங்கே இருந்த ஜான் மூடி, 1975 மார்ச் 15-ஆம் தேதி, ‘இக்காரஸ்-2’ என்ற இரட்டை இறக்கை ஹேங் கிளைடரில் கோ-கார்ட் பந்தய வண்டியின் சிறு இயந்திரத்தைப் பொருத்தினார். உறைந்து கிடந்த ஏரியின் மேல் கால்களால் ஓடினார். எழும்பினார்!

அடுத்த ஆண்டு, 1976-இல், ஆண்டுதோறும் விமானப் பிரியர்கள் கூடும் ஓஷ்கோஷ் விழாவில் அவர் அதைப் பறந்து காட்டினார். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன கையோடு பலர் இயந்திரம் தேடத் தொடங்கினார்கள். விரைவில் கால்களுக்குப் பதில் சக்கரம் வந்தது, உட்கார இருக்கை வந்தது, விற்பனைக்குத் தயார் நிலைப் பெட்டிகளும் வந்தன. அல்ட்ராலைட் என்ற சொல் ஊரெங்கும் பரவியது. 1911-இல் ஃபேரர் பார்க்கில் பறந்த மரமும் துணியும் மீண்டும் வந்துவிட்டன. இம்முறை மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய், பருத்தித் துணிக்குப் பதில் செயற்கை இழை.

சட்டம் ஒதுங்கி நின்றது

அமெரிக்க அரசாங்கம் இதை என்ன செய்வது என்று யோசித்தது. 1982 அக்டோபரில் ‘பகுதி 103’ என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விமானச் சட்டங்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று அது. இயந்திரம் பொருத்திய அல்ட்ராலைட் 254 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 115 கிலோவுக்கு, குறைவாக இருக்க வேண்டும். எரிபொருள் 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. முழு வேகம் மணிக்கு ஏறக்குறைய 102 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒருவர் மட்டுமே போகலாம். பொழுதுபோக்குக்கு மட்டுமே போகலாம். பகலில் மட்டும். நெருக்கமான ஊர்களின் மேலும் திறந்தவெளிக் கூட்டங்களின் மேலும் பறக்கக் கூடாது.

இவற்றுக்கு உட்பட்டால் விமானி உரிமம் வேண்டாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். விமானப் பதிவு எண்ணும் வேண்டாம்!

மன்றத்தில் இதை நான் சொல்லி முடித்ததும் ஓர் இளைஞர் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். “அண்ணா, அரசாங்கமே லைசென்ஸ் வேணாம்னு சொல்லுதுன்னா, அவ்வளவு பத்திரமானதுன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையாரின் குரல் வந்தது. “தம்பி, ஒத்தையா போ, ஊருக்கு மேல போகாதேன்னா என்ன அர்த்தம்? விழுந்தா நீ மட்டும் விழுன்னு அர்த்தம்.”

அரங்கமே சிரித்தது. ஆனால் அந்த விதியின் உட்பொருளை அதை விடச் சுருக்கமாக எந்த வழக்கறிஞரும் சொல்லிவிட முடியாது. 1982-ஆம் ஆண்டின் விதி, பறப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சான்று தரவில்லை. அவரால் மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து குறைவு என்றுதான் கணக்குப் போட்டது. எடை குறைவு, வேகம் குறைவு, உடன் பயணி இல்லை, கீழே கூட்டம் இல்லை. மிச்சம் இருப்பது ஓர் உயிர்தான். அதைக் காப்பாற்றும் வேலையை அந்த உயிரிடமே ஒப்படைத்துவிட்டுச் சட்டம் ஒதுங்கி நின்றது. சுதந்திரம் என்று நாம் கைதட்டும் அதே இடத்தில்தான் பொறுப்பும் கை மாறுகிறது.

குடையும் இயந்திரமும்

இனி பாராமோட்டாருக்கு வருவோம். அமெரிக்காவில் டோமினா ஜால்பெர்ட் என்பவர் 1964-இல் ஒரு புதுவகை இறக்கைக்கு வடிவம் கொடுத்தார். மேலும் கீழும் துணி, நடுவே வரிசையாக அறைகள். முன்பக்கம் திறந்திருக்கும். காற்று உள்ளே புகுந்தால் விமான இறக்கையைப் போல உப்பி நிற்கும். குச்சி இல்லை, குழாய் இல்லை. மடித்தால் பைக்குள் போய்விடும். பாராசூட் வீரர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

1978 ஜூன் மாதம், பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள மியூசி என்ற கிராமத்தில், ழான் குளோட் பெத்தாம், ஆந்திரே போன், ஜெரார் போசோன் ஆகிய மூன்று பாராசூட் வீரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். குதிப்பதற்கு ஒவ்வொரு முறையும் விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. மலைச்சரிவில் ஓடியே எழும்பினால் என்ன? எழும்பினார்கள். பாரகிளைடிங் என்ற விளையாட்டு அந்தக் கிராமத்திலிருந்து உலகெங்கும் போனது. இங்கும் பாருங்கள், செலவைக் குறைக்கும் ஆசைதான் புதிய கதவைத் திறந்தது.

‘பாராமோட்டார்’ என்ற சொல்லை 1980-இல் முதலில் பயன்படுத்தியவர் மைக் பைர்ன் என்ற ஆங்கிலேயர். 1986 வாக்கில் பிரான்சில், பாரகிளைடர் இறக்கையோடு முதுகு இயந்திரத்தைச் சேர்க்கும் முறை பரவியது. ஜான் மூடியின் அதே கேள்விக்கு இது இரண்டாவது விடை. மலை இல்லையா? மலையை முதுகில் மாட்டிக்கொள்!

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முதுகில் சுழலும் இயந்திரம் நம்மைத் தூக்குவதில்லை. முன்னே தள்ளத்தான் செய்கிறது. தூக்குவது தலைக்கு மேல் விரிந்திருக்கும் துணி இறக்கை. எனவே நடுவானில் இயந்திரம் நின்றுவிட்டால் கல் போல விழ மாட்டோம். சாதாரண பாரகிளைடராக மெல்ல இறங்கலாம், இறங்க இடம் இருந்தால்.

அப்படியானால் ஆபத்து எங்கே? துணி இறக்கைக்கு வடிவம் தருவது காற்றின் அழுத்தமே. முரட்டுக் காற்றில் இறக்கையின் ஒரு பகுதி மடங்கிப் போகலாம். உயரத்தில் இருந்தால் அது மீண்டும் விரிய நேரம் கிடைக்கும். தரைக்கு அருகில் வித்தை காட்டினால் நேரம் கிடைக்காது. தண்ணீரில் விழுந்தால், முதுகில் வாரால் இறுகக் கட்டிய 20 முதல் 35 கிலோ இயந்திரமே ஆளை இழுத்துவிடும். மின்கம்பி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சுழலும் விசிறிக்கு அருகில் கையை நீட்டினால் தரையிலேயே விபத்து. இவற்றில் எதுவும் வானத்தின் மர்மம் அல்ல. எல்லாம் பயிற்சியில் முதல் சில நாள்களிலேயே கற்றுத் தரும் பாடங்கள்தான்.

பறவைகளின் அண்ணன்மார்

இவ்வளவு ஆபத்து இருந்தும் மனிதர்கள் இதை ஏன் விடவில்லை? மெதுவாகப் பறப்பதால் கிடைப்பது வேகமாகப் பறப்பதால் கிடைக்காது என்பதுதான் காரணம்.

கனடாவின் பில் லிஷ்மன் ஒரு சிற்பி. 1988-இல் தம் அல்ட்ராலைட்டின் பின்னால் காட்டு வாத்துகளைப் பறக்க வைத்தார். 1993-இல் அவற்றுக்கு ஒன்டாரியோவிலிருந்து வர்ஜீனியா வரை வலசைப் பாதையைக் காட்டிக் கொண்டுபோய் விட்டார். ‘ஃபிளை அவே ஹோம்’ என்ற 1996-ஆம் ஆண்டுத் திரைப்படம் இதன் தூண்டுதலால் வந்ததுதான். 1940-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபதே எஞ்சியிருந்த அமெரிக்கப் பெருங்கொக்குகளுக்கு, 2001 முதல் 2016 தொடக்கம் வரை இதே முறையில் விஸ்கான்சினிலிருந்து புளோரிடாவுக்கு வழி காட்டினார்கள். கொக்குகள் மனிதரைப் பழகிக்கொள்ளக் கூடாது என்பதற்காக விமானிகள் உடல் முழுதும் வெள்ளை அங்கி அணிந்து பறந்தார்கள்!

ஈவ் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1986-87-இல் சிறு இலேசு விமானத்தில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்தார். ரேமண்ட் துணி நிறுவனத்தின் தலைவராக இருந்த விஜய்பத் சிங்கானியா, 1988-இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு 23 நாள்களில் தனியாக வந்து சேர்ந்தார். 1998-இல் பிரையன் மில்டன் 120 நாள்களில் உலகையே சுற்றினார். 2016-இல் சாஷா டெஞ்ச் என்ற உயிரியலாளர், ரஷ்யாவின் வடதுருவப் பகுதியிலிருந்து பிரிட்டன் வரை அன்னப் பறவைகளின் பாதையில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் பாராமோட்டாரில் பறந்தார்.

அதே டெஞ்ச் 2021 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில், உடன் பறந்த இன்னொரு பாராமோட்டாருடன் நடுவானில் மோதினார். அவர் கடுமையாகக் காயமடைந்தார். உடன் பறந்தவர் உயிரிழந்தார். 2012-இல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உலகையே வியக்க வைத்த ஃபெலிக்ஸ் பவும்கார்ட்னர், 2025 ஜூலை 17-ஆம் தேதி இத்தாலியில் பாராமோட்டார் விபத்தில் காலமானார். அனுபவம் மிகுந்தவர்களுக்கும் காற்று சலுகை காட்டுவதில்லை.

மலிவான இறக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 2025 அக்டோபர் 6-ஆம் தேதி மியன்மாரின் சகாயிங் வட்டாரத்தில், விழாவுக்குக் கூடியிருந்த மக்கள் மீது பாராமோட்டாரிலிருந்து குண்டு வீசப்பட்டு 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொக்குக்கு வழி காட்டியதும் துணியும் இயந்திரமும்தான். கூட்டத்தின் மேல் குண்டு போட்டதும் துணியும் இயந்திரமும்தான். கருவி இலேசாக ஆக ஆக, அதைப் பிடித்திருக்கும் மனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம் வானம் வேறு

இப்போது நம் ஊருக்கு வருவோம். பந்திங் பக்கம் ஜுக்ரா மலையிலும் கோல குபு பாருவிலும் பாரகிளைடர்கள் பறப்பதைப் பார்த்த இளையர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் ஐரோப்பாவில் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு நம் வானத்தில் இறங்கினால் கணக்குத் தப்பும்.

பாராமோட்டார்க்காரர்கள் காலையையும் மாலையையும் விரும்புவார்கள். காற்று அடங்கியிருக்கும் நேரம் என்பதே காரணம். நம் பகுதியிலோ, ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ராஸ்’ எனப்படும் திடீர்க் காற்றுமழை, மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும்தான் வருகிறது. காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். பாராமோட்டாரின் வழக்கமான வேகமே 30 முதல் 50 கிலோமீட்டர்தான். எதிர்த்துப் பறந்தாலும் பின்னோக்கித்தான் போவோம்!

பிற்பகலில் இடி மேகங்கள். அவற்றின் பலத்தை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 2007 பிப்ரவரி 14-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில், ஜெர்மனியின் பாரகிளைடர் வீராங்கனை எவா விஸ்னியெர்ஸ்காவை ஓர் இடி மேகம் உறிஞ்சி 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. எவரெஸ்ட் சிகரத்தை விட உயரம்! நினைவிழந்து, உடலெங்கும் பனி மூடி, வியக்கத்தக்க வகையில் உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் உயிர் பிழைக்கவில்லை. இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். உலகத் தரப் போட்டியாளர்கள்.

சட்டமும் வேறு. அமெரிக்காவின் பகுதி 103 அமெரிக்காவுக்கு மட்டுமே. மலேசியாவில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும், சிங்கப்பூரில் அதற்கான ஆணையமும்தான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பட்டத்தைக் கூட 60 மீட்டருக்கு மேலோ, விமானத் தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள்ளோ பறக்க விட அனுமதி வாங்க வேண்டும். பட்டத்துக்கே அப்படி என்றால், பட்டத்தில் தொங்கும் மனிதருக்கு எப்படி இருக்கும்?

ஆகவே பறக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. சாந்தோஸ் துமோன் வரைபடத்தை இலவசமாகக் கொடுத்ததும், கெர்ட்ரூட் ரொகாலோ திரைச்சீலையைத் தைத்ததும் நாம் பயந்து உட்கார்ந்திருப்பதற்காக அல்ல. ஆசை உள்ளவர்கள் முறையான பயிற்றுநரைத் தேடுங்கள். முதலில் தரையில் இறக்கையைக் கையாளப் பழகுங்கள். இயந்திரத்தை வாங்குவதற்கு முன் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். இணையத்தில் யாரோ பயன்படுத்திய இயந்திரத்தை மலிவு விலையில் வாங்கி, நண்பரின் கைத்தொலைபேசிக் காணொளியைப் பார்த்துப் பறப்பவர், மிஞேயின் காலத்து மனிதர்கள் கொடுத்த விலையை மறுபடியும் கொடுக்கப் போகிறவர். அவர்களுக்காவது முன்னுதாரணம் இல்லை. நமக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். “போகாதே” என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். “யாரிடம் கற்கிறாய்? இன்றைய வானிலை என்ன? எங்கே இறங்குவாய்?” என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளையை ஓரளவு நம்பலாம். காற்று சரியில்லை என்று சொல்லி, கட்டிய இயந்திரத்தை அவிழ்த்து வைத்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை முழுமையாகவே நம்பலாம்.

உரிமம் வேண்டாம் என்று சொன்ன நாடு உண்டு. பயிற்சி வேண்டாம் என்று சொன்ன காற்று எந்த நாட்டிலும் இல்லை.